வெண்டர்பியிலிருந்து யாரும் ஏறவில்லை

தெல்மா ஓட்லிங் வேலை பார்த்த இடமெல்லாம் இப்போது யாரோ குடியிருக்கும் வீடாகிவிட்டது.

சின்ன வயதில் அவள் படித்த வெண்டர்பி ஆரம்பப் பள்ளியிலேயே, கல்யாணமான பிறகு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறும் வேலை கிடைத்தது. பிள்ளைகள் ஒரு மேசைக்கு அடங்கும் அளவுக்குக் குறைந்ததும் பள்ளியை மூடினார்கள். இன்று அதன் வாசலில் ‘பழைய பள்ளி’ என்று பலகை தொங்குகிறது. பிள்ளைகள் நனைந்த கோட்டுகளை மாட்டிய இடத்தில் ஒரு வக்கீலின் பியானோ நிற்கிறது. அடுத்து தபால் நிலையத்தோடு சேர்ந்திருந்த மளிகைக் கடையில் வேலைக்குப் போனாள். அது ‘பழைய தபால் நிலையம்’ ஆயிற்று. அதன்பிறகு ‘கலப்பை’ என்ற பப்பில் காலை வேளைகளில் தரை துடைத்தாள். அதுவும் போய், ‘பழைய கலப்பை’ என்ற பெயரில் வார இறுதிக்கு மட்டும் ஆள் வரும் வீடாக நிற்கிறது. ரயில் நிலையம் அவள் கல்யாணத்துக்கு முன்பே மூடப்பட்டிருந்தது. அந்தப் பழியாவது அவள்மேல் விழவில்லை.

“நீ கால் வெச்ச இடத்துலயெல்லாம் பூட்டுத் தொங்குது தெல்மா,” என்பான் கீத் மால்ட்பி. ஊரின் பெரிய பண்ணை அவனுடையது. பள்ளியில் அவளுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். “தயவுசெஞ்சு சர்ச்சுல மட்டும் வேலை கேட்டுடாத. தொள்ளாயிரம் வருஷமா நிக்குது, பாவம்.”

“உன் பண்ணைக்கு வரட்டுமா அப்போ?”

“நாளைக்கே வித்துட்டு ஸ்பெயினுக்குப் போயிடறேன், ஆளை விடு.”

வீடு விற்கும் தரகர்களின் விளம்பரத்தைப் பார்த்தால் வெண்டர்பியில் வசதிக்குக் குறைவே இல்லை. நார்மன் காலத்துச் சர்ச், ஊர்க்கூடம், சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, நகரத்துக்குப் பேருந்து. ஏழு ஊருக்கு ஒரே பாதிரியார் என்பதால் சர்ச்சில் ஆராதனை மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் என்றோ, கூண்டுக்குள் தொலைபேசி இல்லை, ஈரம் குடித்த துப்பறியும் நாவல்கள்தான் இருக்கின்றன என்றோ விளம்பரம் சொல்லாது. பேருந்து செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் என்பதையும் சொல்லாது.

அந்த இரண்டு நாள் பேருந்தில்தான் தெல்மாவின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

கணவர் லெஸ்லி நாற்பது வருடம் மால்ட்பி பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். வீட்டுக் காரையும் அவரே ஓட்டினார், தெல்மா கற்றுக்கொள்ளவில்லை. “ஒரு வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்,” என்பார். போன வசந்தத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. பதினோரு மைல் தள்ளியுள்ள கார்ஸ்விக் நகரத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே அவர் வாயைத் திறக்க மறுத்தார். யார் ஊட்டினாலும் இரண்டு வாய், அதற்குமேல் பல்லை இறுகக் கடித்துக்கொள்வார். தெல்மா பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால் அவர் தாடையைத் தடவி, வீட்டில் சுட்ட உலர்பழ ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்துக் கொடுத்தால் மட்டும் திறப்பார். அதைத் தொடர்ந்து மசித்த இறைச்சி, உருளைக்கிழங்கு, கஸ்டர்டு எல்லாம் உள்ளே போகும். செவ்வாயும் வெள்ளியும் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார். மற்ற நாட்களை அதை வைத்து ஓட்டினார்.

காலையில் பேருந்து ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகப் போய்விடலாம். வெண்டர்பியில் நிறுத்தக் கம்பம்கூடக் கிடையாது. சர்ச் மதிலோரம் நின்று கை காட்டினால் டிரைவர் ட்ரெவர் நிறுத்துவார். “வாங்க மகாராணி. ரதம் ரெடி,” என்பார். பல நாள் ரதத்தில் மகாராணி மட்டும்தான்.

அக்டோபரில் மாவட்ட நிர்வாகத்திலிருந்து தகவல் வந்தது. நவம்பரில் இரண்டு வாரம் காலைப் பேருந்தில் ஓர் ஆள் உட்கார்ந்து, எந்த ஊரில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணப்போகிறார். ஆளில்லாத தடம் நிறுத்தப்படும்.

ஊர்க்கூடம் நிரம்பிவிட்டது. ஊராட்சித் தலைவி ரோஸ்மேரி ஃபேன்ஷா, லண்டனில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று ‘பழைய தபால் நிலைய’த்தை வாங்கியவள், மேடையில் நின்று பேசினாள். “இந்த ஊருல கடைசியா மிச்சம் இருக்கறது இந்தப் பஸ் ஒண்ணுதான். இதையும் விட்டுட்டா நாம ஊரே இல்ல, வெறும் வீடுங்க.”

“நான் ஏறறேன்,” என்றான் கீத். “கடைசியா பஸ்ஸுல போனது எப்பன்னே ஞாபகம் இல்ல. டிக்கெட்டை எங்க வாங்கணும்?”

“முதல்ல பூட்ஸைக் கழட்டு. ட்ரெவர் உள்ள விடமாட்டார்,” என்றாள் தெல்மா. கூடம் சிரித்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். ஏழு ஊரையும் பார்க்கும் பாதிரியாரம்மாகூட. அன்று வீட்டுக்கு நடந்துபோகையில் தெல்மாவுக்கு வெகுநாளைக்குப் பிறகு மூச்சு இலகுவாக வந்தது.

முதல் செவ்வாய்க்கிழமை குளிர்ந்த மழை பெய்தது. தெல்மா மதிலோரம் போய் நின்றபோது வேறு யாரும் இல்லை. மழைக்கு வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், சத்தம் கேட்டதும் வருவார்கள் என்று நினைத்தாள். பேருந்துக்கு முன்னால் கீத்தின் ஜீப் வந்து நின்றது.

“ஏறு தெல்மா. கார்ஸ்விக்தான் போறேன்.”

“இல்ல கீத், பரவாயில்ல. பஸ் வந்துடும்.”

“இந்த மழையிலயா? ஏறுன்னா.”

வெண்டர்பியில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. யாரும் யாரிடமும் உதவி கேட்பதில்லை. கொடுக்க வருகிறவரிடம் ஒருமுறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அது மரியாதை. இரண்டாவது முறையும் வேண்டாம் என்றால் அது முகத்தில் கதவைச் சாத்துவது. லெஸ்லியின் அம்மா போர்க்காலத்தில் ஒரு பாட்டில் பிளம் ஜாமை இரண்டு தடவை வேண்டாம் என்று சொன்னதற்கு, மால்ட்பி குடும்பம் அரசியின் முடிசூட்டு விழா வரை அவரோடு பேசவில்லை. ஜாம் பிடிக்காது, அவ்வளவுதான் காரணம்.

தெல்மா ஏறினாள். “நீயும் இன்னைக்குப் பஸ்ஸுல வரேன்னு சொன்னியே,” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ஆட்டுத் தீவனம் ஏத்தணும். அதைத் தூக்கிக்கிட்டு எப்படிப் பஸ்ஸுல வர? வெள்ளிக்கிழமை வரேன். இன்னைக்கு மத்தவங்க ஏறியிருப்பாங்க.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். குளிராக இருக்கிறதா என்று கேட்டு, அவள் கால்மேல் ஒரு பழைய கம்பளியையும் போட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை ரோஸ்மேரியின் கார் நின்றது. தெல்மா மரியாதைக்கு ஒருமுறை மறுத்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லிப் பார்த்தாள். “மிஸஸ் ஃபேன்ஷா, இன்னைக்கு எண்ணுற ஆள் இருப்பாரு. நான் பஸ்ஸுல போனாத்தான்…”

“ஒருத்தர் குறைஞ்சா ஒண்ணும் ஆயிடாது தெல்மா. உங்க வயசுல இந்தக் குளிருல நிக்க விட்டுட்டு நான் கார்ல போனா என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க?” கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. பின்சீட்டில் ‘நம் பேருந்தைக் காப்போம்’ என்று அச்சடித்த சுவரொட்டிக் கட்டுகள் கிடந்தன. இன்னும் கொஞ்சம் அடிக்கக் கொடுக்கத்தான் அவள் கார்ஸ்விக் போய்க்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாய் பாதிரியாரம்மா. அவரிடம் எப்படி மறுப்பது?

ஒருநாள் மிச்சம் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை தெல்மா ஒரு காரியம் செய்தாள். கேவலமாகத்தான் பட்டது, ஆனால் செய்தாள். மதிலுக்கு வெளியே நிற்காமல், சர்ச் வாயிற்கதவுக்கு உள்ளே, கல்லறைகளுக்கு நடுவே நிற்கும் பெரிய யூ மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கீத்தின் ஜீப் போயிற்று. ரோஸ்மேரியின் கார் மதிலருகே வந்ததும் வேகம் குறைந்தது, தேடியது, போய்விட்டது. தெல்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன்னைப் பெற்றவர்களின் கல்லறை இரண்டடி தள்ளி இருந்தது. அம்மா பார்த்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தோன்றியது.

மேட்டில் பேருந்தின் சத்தம் கேட்டது. ஓடினாள். இரண்டு வார மழையில் ஊறிப்போன மரக்கதவு சட்டத்தில் இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. தோளால் முட்டினாள். பையில் இருந்த ரொட்டிப் பொட்டலம் கீழே விழுந்தது. கதவு திறந்து அவள் சாலைக்கு வந்தபோது பேருந்து மதிலைத் தாண்டியிருந்தது. ட்ரெவர் நிறுத்தமாட்டார் என்றில்லை. மதிலோரம் ஒரு தலையும் அவர் கண்ணில் படவில்லை. தெல்மா நடுச்சாலையில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். கடைசி இருக்கையில் எண்ணுகிற ஆளின் பின்னந்தலை தெரிந்தது. அது திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்த கீத்தின் ஜீப் பக்கத்தில் நின்றது. “பஸ்ஸை விட்டுட்டியா? அடடா. இரு, வீட்டுல போனை எடுத்துக்கிட்டு வந்துடறேன். நானே கொண்டு விடறேன்.”

ஜனவரியில் முடிவு வந்தது. ஊர்க்கூடத்தில் மறுபடியும் கூட்டம். ரோஸ்மேரி மேடையில் நின்று நிர்வாகத்தின் பதிலைச் சொன்னாள். கணக்கெடுத்த நான்கு நாளிலும் வெண்டர்பியிலிருந்து யாரும் ஏறவில்லை. இந்த மாதத்தோடு பேருந்து நிற்கிறது.

“ஒருத்தர்கூடவா?” என்றான் கீத். அவனுக்கு உண்மையாகவே கோபம். “தெல்மாவாவது ஏறியிருப்பாளே. வாராவாரம் போறவளாச்சே.”

“ஏறியிருப்பாங்க. அந்த ஆளுக்கு எண்ணத் தெரியல,” என்றாள் ரோஸ்மேரி. “நான் எழுதிக் கேக்கறேன்.”

எல்லோரும் தெல்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் மூன்று பேர் அவளைத் தங்கள் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துக் கூட்டிப்போனவர்கள். கம்பளி போட்டுவிட்டவன் ஒருவன். அவர்கள் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. தான் செய்தது ஒன்றிரண்டு நாள் உதவி, மற்ற நாள் அவள் பேருந்தில்தான் போயிருப்பாள் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெல்மா வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? நீங்கள் நல்லவர்களாக இருந்ததால்தான் போயிற்று என்றா?

“நான் ஏறல,” என்றாள். “நேரத்துக்கு வந்து நிக்க முடியல.”

ரோஸ்மேரி மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் தோளில் கை வைத்தாள். “கவலைப்படாதீங்க தெல்மா. எங்க எல்லார்கிட்டயும் கார் இருக்கு. எப்ப வேணும்னாலும் ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

“ஆமா, ஒரு வார்த்தை போதும்,” என்றான் கீத். “ஒரு வார்த்தை,” என்றார் பாதிரியாரம்மா.

அந்த ஒரு வார்த்தையைத்தான் வெண்டர்பியில் பிறந்த எவராலும் சொல்ல முடியாது.

முதல் சில வாரம் அவர்களாகவே வந்தார்கள். மார்ச் பிறந்ததும் ஆடுகள் குட்டி போடத் தொடங்கின. கீத் இரவும் பகலும் கொட்டகையிலேயே கிடந்தான். வழியில் எதிர்ப்பட்டால் தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டுவதோடு சரி. பாதிரியாரம்மாவுக்கு ஈஸ்டர் வேலை ஏழு ஊரிலும் இருந்தது. டாக்ஸி வைத்துப் போய்வர அவளுடைய ஓய்வூதியம் தாங்காது. பள்ளிப் பிள்ளைகளின் வேன் தினமும் கார்ஸ்விக் போகிறதே என்று நிர்வாகத்துக்குப் போன் செய்து கேட்டாள். முகம் தெரியாத ஆளிடம் கேட்பது அத்தனை கஷ்டமாக இல்லை. பிள்ளைகள் வேனில் பெரியவர்களை ஏற்ற விதி இல்லை என்றார்கள்.

யாரும் வராமல் ஒரு செவ்வாய் போனது. ஒரு வெள்ளி போனது. இல்லத்துக்குப் போன் செய்தாள்.

“ரெண்டு வாய்தான் மிஸஸ் ஓட்லிங்,” என்றார்கள். மறுநாள், “இன்னைக்கு ஒரு வாய்.” அதற்கு மறுநாள் போனை எடுத்தவர் டாக்டரைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார்.

தெல்மா கோட்டை மாட்டிக்கொண்டு ரோஸ்மேரியின் வீட்டுக்குப் போனாள். போகும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். என்னைக் கொஞ்சம் கொண்டுபோய் விடுவீங்களா. என்னைக் கொஞ்சம். கதவைத் திறந்த ரோஸ்மேரியின் பின்னால் கூடத்தில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அன்றைக்குத்தான் அவள் போர்ச்சுகலில் இருக்கும் மகளிடம் புறப்பட இருந்தாள்.

“தெல்மா, வாங்க வாங்க. எல்லாம் நல்லா இருக்கா? லெஸ்லி எப்படி இருக்கார்?”

“நல்லா இருக்காரு,” என்றாள் தெல்மா. தன் குரலைத் தானே கேட்டாள். “பயணம் நல்லபடியா அமையட்டும்னு சொல்லத்தான் வந்தேன்.”

வெளியே வந்து, ஒருகாலத்தில் தான் கல்லாவில் நின்ற அந்தப் பழைய கடை வீட்டின் மதிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எழுபது வயதில் தன் நாக்கைத் தானே கடித்துத் துப்பிவிடலாம் போல இருந்தது.

அடுத்த செவ்வாய் விடிந்ததும் நடக்கத் தொடங்கினாள்.

நடைபாதை இல்லாத சாலை. ஓரத்தில் ஈரப் புல், அதையடுத்து வாய்க்கால். மேட்டில் ஏறியதும் காற்று நேராக முகத்தில் அடித்தது. மழையும் பனியும் கலந்த ஒன்று பக்கவாட்டில் வந்தது. லாரிகள் கடக்கும்போதெல்லாம் வேலியோடு ஒட்டி நின்றாள். ஒருவன் நீளமாக ஹாரன் அடித்து, சன்னலைத் திறந்து, “சாகறதுக்கு வேற எடம் கெடைக்கலியா பாட்டி?” என்று கத்திவிட்டுப் போனான். அவன் நிறுத்தியிருந்தால் ஏறியிருப்பாள். ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டாள். பாதி வழியில் இடது காலணிக்குள் தண்ணீர் புகுந்தது. பிறகு அந்தக் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ரொட்டிப் பொட்டலத்தை மட்டும் கோட்டுக்குள், உடம்போடு சேர்த்து வைத்திருந்தாள். நடக்க நடக்க வாய் தானாகப் பேசியது. “ரெண்டு வாய் போதாது லெஸ். ரெண்டு வாயை வெச்சிக்கிட்டு யாரு டிராக்டர் ஓட்டுவா?” கண்ணீரா, மழைத் தண்ணீரா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கார்ஸ்விக் சந்தைக் கடிகாரம் தெரிந்தபோது மதியம் தாண்டியிருந்தது. இல்லத்தின் வாசலில் அவளை யாரும் நிறுத்தவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சன்னலோர மேசை ஒன்று மட்டும் முடியவில்லை.

அங்கே லெஸ்லி உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரத்தில் சட்டைக் கழுத்து இன்னும் தொளதொளத்திருந்தது. எதிரில் டொரோட்டா என்ற புதுப் பணிப்பெண், முப்பது வயது இருக்கும், கிண்ணமும் கரண்டியுமாகக் குனிந்திருந்தாள். ஏதோ தன் நாட்டு மொழியில் மெல்லப் பேசிக்கொண்டே கரண்டியை நீட்டினாள். லெஸ்லி வாயைத் திறந்தார். விழுங்கினார். மறுபடியும் திறந்தார்.

டொரோட்டா நிமிர்ந்து பார்த்தாள். “மிஸஸ் ஓட்லிங்? நேத்துலேர்ந்து சாப்பிடறாரு. இன்னைக்கு முழுக் கிண்ணம். பாருங்க.”

தெல்மா ஈரக் கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். கோட்டுக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்தாள். ரொட்டி கொஞ்சம் நொறுங்கியிருந்தது. தேநீரில் ஒரு துண்டைத் தொட்டு, இடது கையால் கணவனின் தாடையைத் தடவினாள். “லெஸ், நான்தான்.”

அவருடைய தாடை அவள் விரலுக்குக் கீழே இறுகியது. பல் கடிபடும் சத்தம்கூடக் கேட்டது. தன் கை பனிக்கட்டியாக இருக்கிறது, அதனால்தான் என்று கையைக் கன்னத்தில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மறுபடியும் தடவினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி டொரோட்டாவின் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார்.

“களைப்பா இருப்பாரு,” என்றாள் டொரோட்டா அவசரமாக. “நீங்க இன்னொரு தடவை…”

“வேண்டாம்.” தெல்மா நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினாள். “நீயே குடு கண்ணு.”

டொரோட்டா தயங்கிவிட்டுக் கரண்டியை நீட்டினாள். லெஸ்லி வாங்கிக்கொண்டார். தெல்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயும் உள்ளே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்காகத்தான் வந்தாள். அவர் சாப்பிடுகிறார்.

“பஸ்ஸை நிறுத்திட்டாங்கன்னு சொன்னாங்களே,” என்றாள் டொரோட்டா. “எப்படி வந்தீங்க?”

“நடந்து.”

கரண்டி பாதி வழியில் நின்றது. டொரோட்டா தெல்மாவின் காலணிகளைப் பார்த்தாள். தரையில் அவற்றைச் சுற்றித் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தாள். லெஸ்லி வாயைத் திறந்தபடியே காத்திருந்தார்.

“குடு,” என்றாள் தெல்மா. “ஆறிடப் போகுது.”